வரிச்சிக்குடி வழக்கில் சூசையப்பர்

காரைக்காலில் குடும்பச் சொத்து வழக்கென்று யாராவது காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்தால், பட்டாவைக் கேட்பதற்கு முன் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்க வீட்டுல ரெனோன்சான் யாராவது இருந்தாங்களா?" எல்லைக்கு அந்தப் பக்கம் தொழில் செய்கிற வக்கீல்களுக்கு இது விளங்காது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆணை போட்டார்கள். சாதி வழக்கச் சட்டத்தைக் கைவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டால் அந்த ஆளும் அவர் வம்சமும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடும். 1954-இல் கொடி மாறியது, 1962-இல் சட்டப்படியும் மாறியது. ரெனோன்சான் குடும்பங்களை மட்டும் அந்தப் பழைய சட்டம் இன்னும் விடவில்லை.

வரிச்சிக்குடியிலிருந்து வந்தவர் வீட்டில் அப்படி யாரும் எழுதிக்கொடுத்ததாகக் காகிதம் இல்லை. கத்தோலிக்கக் குடும்பம். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு இன்னொரு பழைய விதி இருக்கிறது. 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஒழுங்குமுறைப்படி, இந்தியர்கள் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்புச் சொல்லப்படும். அதனால்தான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஒருவருக்காக நான் சுவீகார வழக்கத்தைப் பற்றி வாதாட வேண்டி வந்தது.

பெயர்கள் வேண்டாம். என் கட்சிக்காரருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வளர்த்த பெரியவருக்குப் பிள்ளையில்லை. மனைவியின் தங்கை பிள்ளையை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார்கள். முதலில் அந்த அம்மாள் போனார், பிறகு பெரியவர். உயில் இல்லை, சுவீகாரப் பத்திரமும் இல்லை. நஞ்சை நாலு மா, ஓட்டு வீடு ஒன்று. பெரியவருடைய தம்பி மகன்கள் இரண்டு பேர், "நீ யாருடா இங்கே?" என்று கேட்டார்கள். நான் விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் கேட்டுத் தாவா போட்டேன்.

எதிர்வாதம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தின் நகலைப் போட்டார்கள். அதில் அப்பா, அம்மா என்று பெற்றவர்கள் பெயர்; பெரியவர் பெயர் ஞானத்தகப்பன் என்ற இடத்தில். ஆக, இவன் ஞானப்பிள்ளை. ஞானப்பிள்ளைக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கலாம், நிலம் கொடுக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிள்ளையில்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உடன்பிறந்தார் வழிக்குப் போகும். முடிந்தது கதை.

என்னிடம் இருந்ததெல்லாம் நடத்தைதான். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 50-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலைக்குப் பிறகு வந்திருக்கிற புதுச் சட்டத்தில் அது 44. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன உறவு என்பது கேள்வியானால், அந்தக் குடும்பத்தை நெருங்கி அறிந்தவர்கள் தங்கள் நடத்தையால் காட்டிய அபிப்பிராயம் சாட்சியமாகும். இதை உச்ச நீதிமன்றம் 1959-இல் தோல்கோவிந்த பரிச்சா வழக்கில் பிரித்துப் பிரித்து விளக்கியிருக்கிறது. ஊர் வம்பு போதாது, அந்த நம்பிக்கையை வைத்து ஒருவர் நடந்துகொண்ட விதம் வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சுச் சட்டம் படித்த ஒரு மூத்த வக்கீல் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதை நெப்போலியன் 1804-லேயே எழுதி வச்சுட்டான் தம்பி," என்றார். பிள்ளை அந்த அப்பா பெயரைத் தாங்கி வந்தானா, அப்பா அவனைப் பிள்ளையாக நடத்திப் படிக்கவைத்து ஆளாக்கினாரா, ஊரும் உறவும் அப்படியே ஏற்றதா. அவர் விரல் மடக்கிச் சொன்னது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் என்னிடம் பள்ளிச் சான்றிதழ் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, கோயில் திருமணப் பதிவேடு இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு சின்ன அட்டையும் இருந்தது. பெரியவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடித்த அழைப்பு. கருப்புக் கரை, மேலே சிலுவை, வலது மூலையில் பெரியவரின் பாஸ்போர்ட் சைஸ் படம், கீழே 'வருகையை எதிர்நோக்கும்' என்று போட்டு முதல் வரியில் என் கட்சிக்காரர் பெயர், பக்கத்தில் 'மகன்'. இரண்டாம் வரியில் தம்பி மகன்கள் இருவர் பெயரும். அச்சகத்துக்குக் காசு கொடுத்தது அவர்களில் மூத்தவர். ரசீது கிடைத்தது. பங்காளிச் சண்டை முப்பத்தோராம் நாள்தான் தொடங்கியிருக்கிறது!

அவர்கள் தரப்பில் கூண்டேறியவர் ஊர் உபதேசியார். ஞானஸ்நானப் பதிவை நிரூபிக்கத்தான் கூப்பிட்டார்கள். மனிதர் அதோடு நிற்காமல், பெற்றால்தான் பிள்ளை, மற்றதெல்லாம் பாசத்துக்குச் சொல்வது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தார். கடவுளுக்கே ஒரே மகன்தான் என்றார். நான் எழுந்தேன்.

"உபதேசியாரய்யா, இயேசு தாவீது ராஜா வம்சம்னு வேதத்துல இருக்கா?"

"இருக்கு. மத்தேயுல முதல் அதிகாரமே அதான்."

"யார் வழியா வருது?"

"சூசையப்பர் வழியா."

"சூசையப்பர் பெத்தாரா?"

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபம் என்று எழுந்தார். முன்சீப், "வேதபாடம் வேணாம் சார், பிராதுக்கு வாங்க," என்றார். உபதேசியார் அதற்குள் பதில் சொல்லிவிட்டார். மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "பெக்கல. பரிசுத்த ஆவியால பிறந்தாரு. ஆனா பேர் வச்சது சூசையப்பர். சம்மனசு கனவுல வந்து அவர்ட்டதான் பேர் வைக்கச் சொன்னாரு. அதனால அவரு வம்சம்."

"சரி. இந்தப் பையனை ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா பேருன்னு யார் பேரைக் குடுத்தாங்க?"

"பெரியவர் பேரைத்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே கூடப் போனேன்."

முன்சீப் கடைசி இரண்டு பதிலை மட்டும் பதிவு செய்தார். எனக்கு அது போதும்.

அந்தக் கேள்வி எனக்குத் திடீரென்று வந்ததல்ல. நான் சைவ வீட்டுப் பிள்ளை. இந்த வழக்குக்காகத்தான் நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன், படித்தது வக்கீல் கண்ணோடு. மத்தேயு நாற்பது தலைமுறைக்குக் கிட்ட பட்டியல் போட்டு, கடைசியில் பெறாத ஒருவரிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். லூக்காவும் ஒரு பட்டியல் தருகிறார். அங்கே சூசையப்பரின் பெயர் வரும்போது, ஜனங்கள் அப்படி நினைத்தார்கள் என்று ஒரு பிடியை வைத்துவிட்டு, ஆதாம் வழியாகக் கடவுள் வரைக்கும் ஏறிவிடுகிறார். இரண்டு பட்டியலும் தாவீதுக்குப் பிறகு ஒத்துப்போவதில்லை. குறுக்கு விசாரணையில் நான் அவற்றைப் பிய்த்துவிடுவேன். ஆனால் இரண்டும் நிற்கிற அஸ்திவாரம் ஒன்றுதான்: ஏற்றுக்கொண்டவர் அப்பா. அந்த விதியை எடுத்துவிட்டால் தாவீதின் மகன் என்ற உரிமைக்கு இந்தப் பட்டியல்களில் ஆதாரமே இருக்காது.

கடவுளின் மகன் என்ற உரிமைக்கு வந்தால், யோவானின் ஐந்தாம் அதிகாரம் முழுக்கக் கோர்ட் வாடைதான். ஓய்வுநாளில் ஒருவரைக் குணமாக்கியதில் தொடங்குகிற தகராறு, நீ யார் என்ற கேள்விக்குப் போகிறது. இயேசு முதலில் ஒப்புக்கொள்வது, தன்னைப் பற்றித் தான் மட்டுமே சொன்னால் அது செல்லாது என்பதை. பிறகு சாட்சிப் பட்டியல் வருகிறது: திருமுழுக்கு யோவான், செய்த செயல்கள், அனுப்பிய தந்தை, மறைநூல், மோசே. எந்தக் குற்றத்துக்கும் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற உபாகமச் சட்டம் பின்னால் நிற்பது தெரிகிறது. பத்தாம் அதிகாரத்தில் கல்லெடுத்து நிற்பவர்களிடம் 82-ஆம் சங்கீதத்தை முன்தீர்ப்பாகக் காட்டுகிறார். சாதாரண மனிதர்களையே மறைநூல் தெய்வங்கள் என்று சொல்லியிருக்கும்போது, தந்தையால் அனுப்பப்பட்டவன் மகன் என்று சொல்வது எப்படிக் குற்றமாகும் என்று வாதம். நல்ல சீனியர் இப்படித்தான் வாதாடுவார்.

மாற்கில் வருகிற விசாரணை இதற்கு நேர் எதிர். சாட்சிகள் வருகிறார்கள், ஒருவர் சொல்வது இன்னொருவரோடு ஒட்டவில்லை. அந்த இடத்தில் கேஸ் விழுந்திருக்க வேண்டும். தலைமைக் குரு எழுந்து குற்றம் சாட்டப்பட்டவரிடமே நேராகக் கேட்கிறார், வந்த பதிலை வைத்து இனிச் சாட்சி எதற்கு என்று சட்டையைக் கிழித்துக்கொள்கிறார். நம் அரசமைப்புச் சட்டம் 20(3)-இல் தடுப்பது இந்த வேலையைத்தான். எத்தனையோ போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலங்களைப் பார்த்த எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக நேரமாயிற்று.

எதிர்த்தரப்பு வக்கீல் பொறையாற்றுக்காரர், லுத்தரன். வேதம் அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். கோர்ட் வாசல் டீக்கடையில் அன்று என்னை விடவில்லை. "சூசையப்பரைக் கூப்பிட்டீங்க, நான் மோசேயைக் கூப்பிடவா? பார்வோன் மகள் எடுத்து வளத்தா. அரண்மனையில பங்கா கேட்டாரு?" நல்ல அடி. நான் பவுலைப் பிடித்துக்கொண்டேன். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது, நம்பிக்கை கொண்டவர்கள் சுவீகாரப் பிள்ளைகள், ஆகையால் வாரிசுகள், கிறிஸ்துவோடு உடன் பங்காளிகள் என்கிறார். அவர் எழுதிய உலகத்தில் இது வெறும் ஆறுதல் பேச்சில்லை. ஜூலியஸ் சீசர் உயிலில் சுவீகாரம் எடுத்த பையன்தான் அகஸ்டஸ். சீசரைத் தெய்வமாக்கியதும் அகஸ்டஸ் காசுகளில் தெய்வத்தின் மகன் என்று போட்டுக்கொண்டார். சாம்ராஜ்யமே சுவீகாரப் பிள்ளையின் கையில் இருந்தது. பொறையாற்றுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, "சீசர் எழுதிவச்சான்யா. உங்க பெரியவர் எழுதினாரா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் குமாஸ்தா இடையில் புகுந்தார். "எதுக்கு சார் ரோமாபுரிக்குப் போறீங்க? அப்பா அம்மா இல்லாத சிவபெருமான் நம்ம ஊர் அம்மையாரைப் பாத்துத் தாயேன்னு கூப்பிட்டாரு. அதுக்கு என்ன பத்திரம்? வருஷா வருஷம் ஆனியில மாங்கனி இறைக்கிறோம்ல?" இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

இதெல்லாம் 2006. 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை நீக்கிய வருஷம். அதனால் டீக்கடையிலும் இயேசு யார் என்பதே பேச்சு. 325-இல் நைசீயாவில் கூடிய ஆயர்கள்தான் ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கினார்கள் என்று நாவலில் ஒரு பாத்திரம் சொல்கிறது. படம் பார்க்காதவர்களும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பவுலின் கடிதங்கள் கி.பி. 50-களில் எழுதப்பட்டவை, அவற்றிலேயே கடவுளின் மகன் என்று வருகிறது. நைசீயாவில் ஆரியுஸ் கிளப்பிய சண்டை வேறு: அந்த மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவரா, தந்தையின் தன்மையிலேயே பிறந்தவரா என்பது. எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு ஆரியுஸைவிட ஒரு படி மேலே போய், மகனே இல்லை என்றது. எனக்கு அந்த நாவலின் மேல் கோபமில்லை, படத்தைத் தடை செய்தது தப்பு என்றும் நினைக்கிறேன். தேதியை மட்டும் சரியாகப் போடலாம்.

தீர்ப்பு எங்களுக்குப் பாதிதான். மகனாக நடத்தப்பட்டது நிரூபணம், அனுபோகம் நிரூபணம், அதனால் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. சுவீகாரம் நிரூபணமாகவில்லை. பெற்றவர் கையால் கொடுத்து எடுப்பவர் கையால் வாங்கியதற்குச் சாட்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் சொன்ன லட்சுமண் சிங் கோத்தாரி வழக்கை முன்சீப் காட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன் நடந்ததைப் பார்த்த யாரும் உயிரோடு இல்லை. கிறிஸ்தவர் சுவீகாரம் எடுக்கலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் சொன்னதை நான் நீட்டினேன். அது சென்னையைக் கட்டுப்படுத்தாது என்று ஒரே வரியில் தள்ளினார். சட்டப்படி அவர் செய்தது சரி. மகனாக நடத்துவது ஒன்று, மகனாவது இன்னொன்று என்பதில் சட்டம் கறாரானது. நற்செய்தி எழுதியவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கின்போது தந்தையின் குரலையே வானத்திலிருந்து கேட்கவைக்கிறார்கள்.

அப்பீல் போட்டோம். வாய்தா வாய்தாவாக இழுத்ததில் இரண்டு பக்கமும் களைத்துச் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். தம்பி மகன்கள் முதலில் வீட்டோடு மூன்று மா தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை, ராஜினாமா என்கிற சமரசப் பத்திரத்தில் என் கட்சிக்காரரை 'வளர்ப்பில் இருந்தவர்' என்று எழுத வேண்டும். பொறையாற்றுக்காரரும் நானும் வாக்கியத்தைத் தட்டிக் கொட்டிச் சரி செய்துவிட்டோம். படித்துக் காட்டியதும் கட்சிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வக்கீலய்யா, மகன்னு போடச் சொல்லுங்க. ரெண்டு மா போதும்."

நான் அவரைத் தனியே கூட்டிப்போய், ஒரு மா நிலத்தின் விலையைச் சொன்னேன். தெரியும் என்றார். உள்ளே வந்து சொன்னதும் தம்பி மகன்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார். அழைப்பு அட்டை அச்சடித்தவர் அவர்தான். சரி, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மா என்றே முடிந்தது. கோர்ட் செலவு அவரவர் பொறுப்பு.