வானொலி இசை தந்தவருக்கு நூம்பலிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள திரு. வால்டர் காஃப்மன் அவர்களுக்கு,

நீங்கள் 1984-இலேயே மறைந்துவிட்டீர்கள். ஆனாலும் உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் நூம்பலில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சமூக அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். இரண்டாம் உலகப்போர் பாடத்தில் யூத இனப்படுகொலை வரும். அறுபது லட்சம் பேர் என்பதை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். "ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தாதான் மிஸ் நாடு உருப்படும்" என்றான் ஒரு பையன். வீட்டில் காதில் விழுந்ததைச் சொல்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்?

அப்போது கைகொடுத்தது உங்கள் கதை. அகில இந்திய வானொலியின் தொடக்க இசையைக் கைபேசியில் போட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள், பேத்தியைக் கூட்டிப்போக வந்த பாட்டிக்கு உடனே தெரிந்துவிட்டது. அது உங்கள் ஆக்கம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள், வேறு பெயர் சொல்வோரும் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1934-இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசைக்கலைஞர் நீங்கள். உங்கள் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் மூத்த தங்கை எல்லியின் மகள். புத்தகத்தில் வரும் சொற்களையெல்லாம் அந்த ஒரு குடும்பத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தேன்.

1935-இன் நியூரம்பெர்க் சட்டங்கள் ஜெர்மன் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. தாத்தா பாட்டி யார் என்று பார்த்து ஒருவரை யூதர் என்று முடிவு கட்டினார்கள். காஃப்காவின் கடைசித் தங்கை ஓட்லாவின் கணவர் யூதரல்லாதவர். அந்தத் திருமணம் ஓட்லாவுக்கு ஓரளவு காப்பாக இருந்தது. 1942-இல் மணமுறிவு ஆனதும் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு, அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் துணையாகத் தானே முன்வந்து போனார். ரயில் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம்.

எல்லியையும் இன்னொரு தங்கை வாலியையும் 1941-இல் பிராக் நகரிலிருந்து லோட்ஸ் கெட்டோவுக்கு ஏற்றினார்கள். அரசுத் தாள்களில் அதற்குப் பெயர் இடமாற்றம். அங்கிருந்து அவர்கள் செல்ம்னோ கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வதைமுகாமுக்கும் கொலைமுகாமுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். முதலாவதில் அடைத்து, வேலை வாங்கி, பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். செல்ம்னோவில் அடைத்துவைக்கும் எண்ணமே இல்லை. வந்தவர்களை வண்டியில் ஏற்றி நச்சுப்புகையால் கொன்றார்கள். அது 1941 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. யூதர்களை அடியோடு அழிக்கும் 'இறுதித் தீர்வு' பற்றிப் பதினைந்து ஜெர்மன் அதிகாரிகள் வான்சே மாளிகையில் கூடிப் பேசியது 1942 ஜனவரி 20-இல். கொலை அந்தக் கூட்டத்தில் பிறக்கவில்லை, அங்கே ஒழுங்குபடுத்தப்பட்டது. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றுக்கும் நன்றி. தொடக்கத்தில் நம் இசை உங்களுக்குப் பிடிபடவே இல்லை. கோடிப்பேர் நேசிக்கும் இசை அது, குறை உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று எண்ணித் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976-இல் ஒரு பெரிய நூலே எழுதினீர்கள். இரத்தத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்த காலத்தில் இப்படியும் ஒருவர் வாழ்ந்தார் என்று சொன்னபோது வகுப்பு கவனித்துக் கேட்டது.

ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வரணும் என்ற அந்தப் பையனும் கேட்டான்: "வேற நாட்டுக்குப் போயிருக்கலாமே மிஸ்?" 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகள் கூடி, அநேகமாக எல்லாமே கையை விரித்ததைச் சொன்னேன். உங்கள் நண்பர் வில்லி ஹாஸ் தப்பி பம்பாய் வந்துசேர நீங்கள் உதவியதையும் சொன்னேன். அடுத்த வகுப்பில் உலக வரைபடத்தை விரித்து, அந்த 32 நாடுகளையும் அவனையே குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.


நூம்பல் டியூஷன் டீச்சர்