குக்ரிக்குப் புதுப் பிடி

குக்ரி வாங்குகிறவர்கள் உறையின் வெள்ளிப் பூணைப் பார்ப்பார்கள். வேலி கழிக்க வாங்கிய நான் பிடியைப் பார்த்தேன். எனக்கு வலக்கையில் இரண்டு விரல் மடங்காது. எருமைக் கொம்புப் பிடி அழகுதான். ஆனால் உலர்ந்தால் விரிசல் விடும், என் கையிலோ வழுக்கிற்று. அலகு, லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தது. வாய்க்கு மட்டும் கெண்டி நீர் வார்த்துத் தோய்ச்சல் கொடுத்திருந்தார் தராண் கொல்லர். அதை மாற்ற எனக்கென்ன பைத்தியமா? பிடியை மட்டும், துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய மைக்கார்ட்டாவில் போடச் சொன்னேன். சம்மதித்தார். கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை என்றதும்தான் முகம் சுருங்கிற்று.

"கர்தாவும் சக்மக்கும் எங்கே போகும், சாகேப்?"

கர்தா, சில்லறை வேலைக்கான குட்டிக் கத்தி. சக்மக், கூரைச் சீர்செய்யும் மொண்ணை இரும்பு. இரண்டும் குக்ரியின் உறையிலேயே குடியிருப்பவை. மரத்தில் செய்து தோல் போர்த்திய உறையோடுதான் ஊர் திரும்பினேன்.