ரெண்டு வரி போட்ட வினை

2025 பொங்கலுக்குக் காரைக்குடி போயிருந்தப்ப, ஆத்தங்குடிக் கல் பட்டறை வச்சிருக்குற அண்ணன் பிடிச்சுக்கிட்டார். "தம்பி, பெங்களூர் பார்ட்டிக்கு மெயில்ல விலை அனுப்பி மூணு வாரமாச்சு. போன் போட்டா வரவே இல்லைங்கிறாங்க. வேற எடத்துல ஆர்டர் கொடுத்துட்டாங்களாம்."

அவருக்கு டொமைன் வாங்கி மெயில் செட் பண்ணிக் கொடுத்த புண்ணியவான் சாட்சாத் அடியேன்தான்!

தபால் கவர் மாதிரிதான் மெயிலும். அனுப்புநர் இடத்துல யார் பேரை வேணா எழுதலாம். 1982ல வந்த எஸ்எம்டிபி அதைச் சோதிக்கலை. பின்னாடி வந்ததுதான் எஸ்பிஎஃப். "எங்க பேர்ல அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி"ன்னு டிஎன்எஸ்ல ஒரு வரி. டிகிம்ங்கிறது அரக்கு முத்திரை, வழியில யாராவது கைவச்சா உடைஞ்சிரும். 2024 பிப்ரவரியிலேர்ந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் ரெண்டுல ஒண்ணாவது வேணும். தினம் 5000 அனுப்புறவங்கன்னா ரெண்டும் வேணும், கூட டிமார்க்கும்.

நான் செஞ்ச கூத்து? பில் அனுப்புற சர்வீஸை, இருந்த எஸ்பிஎஃப் வரிக்குள்ளயே சேர்க்காம, ரெண்டாவதா ஒரு வரி போட்டுட்டேன். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது! டிகிம்மை 'அப்புறம் பாத்துக்கலாம்'னு விட்டது தனிக்கதை. விலைப்பட்டியல் நேரா ஸ்பேமுக்குப் போயிருச்சு.

சரிபண்ண பத்து நிமிஷம் ஆச்சு. தப்பு என்னோடதுதான்னு அண்ணன்கிட்ட சொன்னேன். திட்டுவார்னு பார்த்தா, "சரி, காப்பி சாப்பிடு"ன்னார். திட்டியிருக்கலாம்.

இப்பல்லாம் மெயில் அனுப்பின கையோட, பார்ட்டிக்குப் போனும் போட்டுடறாராம்.