இடித்த கல் எங்கே போகிறது?

பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டையின் குரோமிய ஆலை 1990களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே கிடந்தது. கழிவைப் பற்றிப் பேசுகிறோம் தோழர்களே, இப்படிப்பட்ட ஆலைகளை இடிக்கப்போகும் கைகள் யாருடையவை என்று கேட்பதில்லை.

அறுமதிப்பு குரோமியம் புற்றுநோய் தரும். காரையிலும் செங்கல்லிலும் ஊறியிருக்கும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கித்தான் இடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் ஆற்றுக்குப் போகக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் கழற்றி இறக்க வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக்கூடாது. ஆனால் காண்டிராக்டருக்கு லாபம் பழைய இரும்பில்தானே!

நான் வேலை பார்க்கும் காலனிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆலையை இடித்தார்கள். "கல்லு சும்மாதானே கெடக்கு, பாத்ரூம் கட்டிக்கவா?" என்றார் ஓர் அக்கா. வேண்டாம் என்றேன்.

"அப்ப நல்ல கல்லு யாரு தருவா?"

இடிபாடு எங்கே போகிறது என்று எழுத்தில் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.