குளிர்ந்த பிறகும் எரியும் சுடர்

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சிறு வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளை எதிரில் வைத்துப் பார்த்தே கற்பது. மெழுகுவர்த்தியும் அதில் வரும். சூடான காற்று லேசாகி மேலே போகிறது, சுடரையும் இழுத்துப் போகிறது. அதனால்தான் சுடர் நீள்கிறது.

அந்த இழுப்பே இல்லாவிட்டால்? ஜெர்மனியின் பிரேமன் நகரில் 146 மீட்டர் கோபுரம் ஒன்று இருக்கிறது. உள்ளே காற்றை அகற்றிய குழாயில் ஒரு பெட்டகத்தை விழவிடுகிறார்கள். விழும் 4.7 விநாடியும் அதற்குள் எடையில்லை. எடையில்லாத இடத்தில் மெழுகுவர்த்திச் சுடர் நீலமாக, உருண்டையாகச் சுருங்கிவிடும்.

அதற்குள் கம்பியை நுழைத்துச் சூடு பார்த்தால் சுடர் கலையும். ஆகவே லேசர். எரியும் இடத்தில் ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறுத் துணுக்கு உண்டாகிறது. அதற்கு ஏற்ற அலைநீளத்தில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், விழுங்கிவிட்டுத் தானும் ஒளிரும். அதைப் படம் பிடித்துவிடலாம். தொடாமல் நாடி பார்க்கிற வைத்தியம்!

இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. விண்வெளி நிலையத்தில் ஹெப்டேன் துளியைக் கொளுத்தினார்கள். சுடர் மறைந்தது, துளியோ தொடர்ந்து சிறுத்துக்கொண்டே போனது. கண்ணுக்குத் தெரியாத 'குளிர் சுடர்' எரிந்துகொண்டிருந்தது என்று 2012இல் அறிவித்தார்கள். குளிர் என்றாலும் சில நூறு டிகிரி. விளக்கை அணை என்று சொல்லாமல் 'குளிர வை' என்பார்கள் நம் வீடுகளில். அங்கே குளிர்ந்த பிறகும் எரிகிறது.

விளையாட்டல்ல இது. 1997இல் மிர் நிலையத்தில் ஆக்சிஜன் தரும் குப்பி தீப்பற்றியபோது உள்ளே ஆறு பேர் இருந்தார்கள்.