வாழ்த்து அட்டையின் மினுமினுப்பு



திருவருகைக் காலம் நெருங்கும்போது நம் ஓய்வுநாள் பள்ளியின் மேசைமேல் கத்தரிக்கோலும் பசையும் வண்ணத் தாள்களும் வந்துவிடுகின்றன. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் பிள்ளைகள் தங்கள் கைகளாலேயே வாழ்த்து அட்டை செய்து கொடுப்பது நம் சபையின் அருமையான வழக்கம். அந்த மேசையில் பிள்ளைகளின் கை முதலில் நீள்வது ஜிகினாத் தூளை நோக்கித்தான். பெத்லகேமின் நட்சத்திரத்தை வரைந்துவிட்டு, அதை மின்ன வைக்காமல் விட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? இந்த வாரம் அந்தத் தூளைக் குறித்தே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அழகுபடுத்தும் ஆவல் குற்றமன்று. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலுக்குக் கைத்திறனை அருளியவர் தேவனே என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். வாழ்த்து அட்டைக்கும் மினுக்குக்கும் உள்ள உறவும் பழையது. 1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, முதல் கிறிஸ்துமஸ் அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டிலேயே, பனி படர்ந்ததுபோல் தோன்றுவதற்காக அட்டைகளின்மேல் கண்ணாடித் தூளைத் தூவத் தொடங்கினார்கள்.

இன்று கடையில் சிறு குப்பிகளில் நாம் வாங்கும் ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக். மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினியத்தையும் நிறத்தையும் பூசி, அறுகோணத் துணுக்குகளாக வெட்டுகிறார்கள். பல துணுக்குகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அட்டையைத் தட்டியவுடன் ஒட்டாதவை உதிர்ந்து, விரல்களிலும் தரையிலும் பரவி, கை கழுவும் நீரோடு போய்விடுகின்றன. அவை மக்குவதில்லை. குடும்பப் புகைப்படங்களை ஒட்டி நினைவு ஏடு தயாரிக்கும் சகோதரிகள் மற்றொன்றையும் அறிவார்கள்: உதிர்ந்த துணுக்கு எதிர்ப்பக்கத்துப் படத்தைக் கீறிவிடும். 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம், கைவினைக்காகத் தூளாக விற்கப்படும் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்குத் தடை விதித்தது.

சில ஆண்டுகளுக்குமுன் தியான முகாம் ஒன்றிற்காக ஏற்காட்டுக்குச் சென்றிருந்தபோது, சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சிவரை நடந்தேன். அது ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில் உள்ள ஒரு குகைக்கோயில். மலைவாழ் மக்கள் அங்கே சேர்வராயனோடு காவேரியம்மனையும் வைத்து வணங்குகிறார்கள். நம் விசுவாசம் வேறு. ஆயினும் மலையையும் ஆற்றையும் பிரித்துப் பார்க்காத அவர்களுடைய அறிவை நான் மதிக்கிறேன். சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. மலைமேல் ஒரு வீட்டில் கழுவிவிடும் தூள், கீழே முகம் தெரியாத ஒருவருடைய வயல்வரை செல்லக்கூடும். பிறன் யார் என்று ஆண்டவரிடம் ஒருவன் கேட்டானே, ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்பவரும் நமக்குப் பிறனே.

அப்படியானால் நம் முன்னோர் அறிந்த காக்காப்பொன்னையே பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். பாறையில் ஏடு ஏடாகப் பிரியும் அந்த அப்பிரகம் இயற்கையானதுதான். ஆனால் ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதி மாவட்டங்களில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகள் அதன் துண்டுகளைப் பொறுக்கும் துயரம் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. 2014இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தியின் இயக்கம் அவர்களை மீட்கப் பாடுபட்டு வருகிறது. நம் பிள்ளை மகிழ்ந்து தூவும் மினுக்கை வேறொரு பிள்ளை மண்ணைக் கிளறி எடுத்திருக்குமானால், அதைக் கொண்டு இயேசு பாலகனின் பிறப்பை எப்படிக் கொண்டாடுவோம்?

அதே மலையில் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள் எனக்கு ஒரு பெரணிச் செடியைக் காட்டினார்கள். அதன் இலையின் அடிப்புறம் முழுவதும் வெண்பொடி. இலையை முழங்கையின்மேல் வைத்து அழுத்தி எடுத்தால், வெள்ளியால் வரைந்ததுபோல் அதன் வடிவம் அப்படியே பதிகிறது. தாயகம் அமெரிக்க வெப்பமண்டலமாக இருந்தாலும், அது நம் மலைகளில் ஊன்றிவிட்ட செடி. கருநீலத் தாளில் ஒரு சிறுமி அதை அழுத்தியபோது நட்சத்திர வானமே இறங்கியதுபோல் இருந்தது. தேய்த்தால் அது அழிந்துவிடும். அழியட்டுமே! நாம் தரும் அட்டையில் நிலைத்திருக்க வேண்டியது வேறொன்று.

எனக்கு வந்த அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த ஒரு தாயார், இடக்கையால் பென்சிலில் எழுதி அனுப்பிய அட்டையும் அதில் உண்டு. கோணலான மூன்றே சொற்கள்: "ஐயருக்காக ஜெபிக்கிறேன், அம்மா." அதில் படமும் இல்லை, மினுக்கும் இல்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். மனம் சோரும் நாட்களில் நான் தேடி எடுப்பது அந்த அட்டையைத்தான்.

பிரியமானவர்களே, ஜிகினாவை எடுத்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதன் கையில் வேறோர் அழகைக் கொடுங்கள். பழைய பட்டுப்புடவையின் சரிகைக் கரை, மிட்டாய் சுற்றிவந்த பொன்னிறத் தாள், ஊசியால் துளையிட்டு விளக்கொளி ஊடுருவும்படி செய்த நட்சத்திரம் என எத்தனையோ உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தூளைத் தண்ணீரில் கொட்டிவிட வேண்டாம். சிந்தியதை ஈரத்தாளால் ஒற்றியெடுத்துக் குப்பையில் சேருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அட்டையின் உள்ளே ஒரு வரியைப் பிள்ளை தானே எழுதட்டும். அதைப் பெறுகிறவருடைய பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபித்த பின்பு எழுதட்டும்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் மகிழ்ச்சி எவருக்கும் பாரமாகாதபடி எங்கள் கைகளை நடத்தும். நாங்கள் அனுப்பும் சிறு வாழ்த்தும் தனித்திருப்போருக்கு உமது அன்பைக் கொண்டு செல்லட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.