ரெண்டு மிதி

பழுதே இல்லாத ஒரு கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வைத்தவன் நான். போன பணத்தைப் பிறகு சம்பாதித்துவிட்டேன். போன டிரைவர் திரும்பி வரவில்லை.

அப்பா விட்டுப்போன பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் அது. சேந்தமங்கலம் பக்கத்துத் தோட்டத்துக்கும் கொல்லிமலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடையில் கோளாறு ஆரம்பித்தது. காலையில் கியர் லேசாக விழும். மதியம் நாமக்கல் நெரிசலில் சிக்கினால் ஃபர்ஸ்ட் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்தும். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் விழும்.

"ரெண்டு மிதி மிதிச்சா விழுந்துருதுங்ணா" என்று டிரைவர் பலமுறை சொன்னார். அதைச் சமாளிப்புப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். "கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டுனா கியர் பாக்ஸ் என்னத்துக்கு ஆகும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுகொண்டார். 

என் சந்தேகத்துக்குத் துணையாக இன்னொன்றும் நடந்திருந்தது. கோடை மழையில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது ஃபோர் வீல் போட்டோம். மேலே ரோடு காய்ந்துகிடந்தும் எடுக்கவில்லை. அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தபோது ஃபோர் வீல் லீவர் திரும்பி வர மறுத்தது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள இந்த மாதிரி ஜீப்பில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுவிடும். லீவர் சிக்கியதையும் கியர் விழாததையும் ஒரே கோளாறாக நான் முடிச்சுப் போட்டேன்.

மெக்கானிக்கிடம், "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கிருங்க" என்றேன். எப்போது, எப்படி என்று கேட்க அவருக்கு இடமே கொடுக்கவில்லை. இறக்கிப் பார்த்தால் பல் சக்கரங்களில் ஒரு குறையும் இல்லை. பிரித்தது பிரித்தாயிற்று என்று பேரிங்கையும் சின்க்ரோ ரிங்கையும் மாற்றச் சொன்னதும் நானே.

கொஞ்ச நாளில், ஒரு மதியம், பரமத்தி ரோட்டில் ஃபர்ஸ்ட் கியர் பழையபடி விழவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. இன்ஜினை அணைத்தேன். கை சும்மா லீவரைத் தள்ளியது. விழுந்தது. செகண்ட், தேர்ட், ரிவர்ஸ், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தன. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தேன், மறுபடி விழவில்லை. கிளட்சை மிதித்து, விட்டு, உடனே இன்னொரு முறை மிதித்தேன். விழுந்துவிட்டது.

அவர் சொன்ன ரெண்டு மிதி. ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் வண்டியை நகர்த்தத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் விழுகிறதென்றால், ஓடும்போது கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இரண்டாவது மிதியில் விழுந்தால், அழுத்தம் எங்கோ குறைகிறது. மெக்கானிக் இந்த முறை கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, ரப்பர் சீலை என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பு தேய்ந்திருந்தது, தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல், உள்ளுக்குள்ளேயே ஆயில் பின்வாங்கியிருக்கிறது. கிளட்சிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டி என் கைக்கு வந்ததிலிருந்து நான் மாற்றவே இல்லை. கியர் பாக்ஸுக்குக் கொட்டியதில் ஒரு சிறு பங்குகூட அந்தச் சீலுக்கு ஆகவில்லை.

டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்ணா" என்றார். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போக அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தார்.

இப்போது ஒர்க்‌ஷாப்பில் நான் கோளாறுக்குப் பெயர் சொல்வதில்லை. எந்தக் கியர், எந்த நேரம், இன்ஜின் சூடா, எத்தனை மிதி: இவ்வளவுதான் மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டும். அதையும் வண்டி ஓட்டுகிறவர் வாயாலேயே சொல்லவிடுகிறேன்.